‘கோட்பாடு வேண்டாம்’ என்பதும் ஒரு கோட்பாடுதானே? தத்துவத்தைப் பற்றி விட்கன்ஸ்டைன்

இளவேனில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லுட்விக் விட்கன்ஸ்டைனின் ‘தத்துவ ஆய்வுகள்’ நூலில் 89 முதல் 133 வரையிலான பத்திகளைப் படித்தபோது எழுந்த ஐயத்தை இங்கே வைக்கிறேன். தத்துவம் என்பது எந்த வகையான வேலை என்பதைப் பற்றியே அவர் அந்தப் பகுதியில் பேசுகிறார். நம்முடைய ஆராய்ச்சி அறிவியல் ஆராய்ச்சி ஆகாது, எந்தக் கோட்பாட்டையும் நாம் முன்வைக்கக் கூடாது, விளக்கம் சொல்வதைக் கைவிட்டுவிட்டு அந்த இடத்தில் விவரிப்பை வைக்க வேண்டும் என்கிறார் (109). மொழியின் நடைமுறைப் பயன்பாட்டில் தத்துவம் எந்த வகையிலும் தலையிடக் கூடாது, அது எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுவிடுகிறது என்கிறார் (124). தத்துவத்தில் யாராவது முடிவுரைகளை நிறுவ முயன்றாலும் அவற்றைப் பற்றி விவாதமே எழாது, எல்லோரும் அவற்றுக்கு உடன்பட்டுவிடுவார்கள் என்றும் சொல்கிறார் (128).

தத்துவத்தில் கோட்பாட்டுக்கு இடமில்லை என்பது தத்துவத்தைப் பற்றிய ஒரு கோட்பாடுதானே? பிளேட்டோ முதல் ரஸ்ஸல் வரை பெரும்பாலானோர் மறுத்திருக்கக்கூடிய ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு, என் கூற்றுகளை எவரும் மறுக்க மாட்டார்கள் என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? இது முதல் கேள்வி. எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுவிடும் ஒரு வேலைக்காக ஒருவர் ஏன் தம் வாழ்நாளைச் செலவிட வேண்டும் என்பது இரண்டாவது. நான் பார்த்த அறிமுக நூல்கள் ‘சிகிச்சை’ என்ற சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்தச் சொல் எனக்கு எதையும் தெளிவாக்கவில்லை. விரிவாகப் படித்தவர்கள் உதவினால் நன்றி.

கல்தச்சன் எழுதியது:

நண்பர் இளவேனிலுக்கு வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கு நீங்கள் படித்த பகுதிக்குள்ளேயே நேரடியான பதில் ஒன்று இருக்கிறது. 121ஆம் பத்தி மிகச் சிறியது என்பதால் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தத்துவம் ‘தத்துவம்’ என்ற சொல்லைப் பற்றியே பேசத் தொடங்கினால் அதற்கு மேலே இரண்டாம் அடுக்குத் தத்துவம் ஒன்று தேவைப்படும் என்று நமக்குத் தோன்றலாம், ஆனால் அப்படி இல்லை என்கிறார். எழுத்துக்கூட்டலைச் சொல்லித்தரும் நூல் ‘எழுத்துக்கூட்டல்’ என்ற சொல்லையும் எப்படி எழுதுவது என்று சொல்லத்தான் வேண்டும்; அதனால் அது வேறொரு உயர்ந்த கலையாக மாறிவிடுவதில்லை. ஆகவே 89 முதல் 133 வரையிலான பகுதியை நூலின் மற்ற பகுதிகளை மேலிருந்து ஆளும் சட்டமாகப் படிக்க வேண்டியதில்லை. ‘புரிதல்’, ‘வலி’, ‘விதி’ ஆகிய சொற்களுக்கு அவர் செய்யும் அதே வேலையைத் ‘தத்துவம்’ என்ற சொல்லுக்கும் செய்து பார்க்கிறார். அதுவும் யாரோ ஒரு பொது எதிராளியை எதிர்த்து அல்ல. ‘டிராக்டேடஸ்’ எழுதிய இளைய விட்கன்ஸ்டைனை எதிர்த்தே பெரும்பாலும் செய்கிறார்.

முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையில் பணியாற்றிய காலத்தில், 1918இல் எழுதி முடித்து, 1921இல் ஜெர்மன் மொழியிலும் அடுத்த ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்புடனும் வெளிவந்த அந்த நூலிலேயே தத்துவம் ஒரு கருத்துத் தொகுப்பு அன்று, ஒரு செயல்பாடு என்று அவர் சொல்லிவிட்டார் (4.112). எண்ணங்களைத் தருக்க முறையில் தெளிவாக்குவதே அதன் நோக்கம். அது இயற்கை அறிவியல்களுள் ஒன்றன்று. அவற்றுக்கு மேலேயோ கீழேயோ நிற்கலாம், அருகருகே நிற்காது. தத்துவத்தைப் பற்றிய இந்த எண்ணம் கடைசிவரை அவரிடம் மாறவே இல்லை என்பது என் கருத்து. மாறியது வேறு ஒன்று. எல்லா வாக்கியங்களுக்கும் அடியில் ஒரே பொது வடிவம் ஒளிந்திருக்கிறது, சரியான பகுப்பாய்வு அதை வெளியே கொண்டுவரும் என்று அப்போது அவர் நம்பினார். அதாவது, கோட்பாடு வேண்டாம் என்று சொன்னவர் மொழியின் சாரம் பற்றிய ஒரு மாபெரும் கோட்பாட்டின் மேல் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார். உங்கள் ஆட்சேபம் அந்த நூலின் நெஞ்சிலேயே பாய்கிறது. அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. என்னைப் புரிந்துகொண்டவர் என் வாக்கியங்கள் பொருளற்றவை என்று கண்டுகொள்வார், ஏறி முடித்ததும் ஏணியை எறிந்துவிட வேண்டும் என்று கடைசிக்கு முந்தைய குறிப்பில் எழுதினார். சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது, சீழ்க்கையடித்தும் காட்ட முடியாது என்று கேம்பிரிட்ஜ் தத்துவவாதி ஃபிராங்க் ராம்சே அதைக் கிண்டலடித்தார். (விட்கன்ஸ்டைன் இசைத் துண்டுகளைச் சீழ்க்கையில் பிசகில்லாமல் வாசிப்பதில் பெயர்பெற்றவர் என்பதைத் தெரிந்துகொண்டால் கிண்டலின் சுவை கூடும்.) அந்த ஏணியை எப்படிப் படிப்பது என்பதில் விட்கன்ஸ்டைன் உரையாளர்களான கோரா டயமண்ட் ஒரு பக்கமும் பீட்டர் ஹேக்கர் மறு பக்கமும் நிற்கும் நீண்ட வழக்கு இருக்கிறது. இங்கே அது வேண்டாம்.

1929இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிய பிறகு அந்த ஒரே பொது வடிவம் என்ற நம்பிக்கை படிப்படியாக உதிர்ந்தது. மொழிக்கு ஒரே சாரம் இல்லையென்றால் தத்துவத்துக்கும் ஒரே சிக்கல் இல்லை, ஒரே முறையும் இல்லை. 133ஆம் பத்தியை மறுபடி பாருங்கள்: தீர்க்கப்படுவது ‘ஒரு’ சிக்கல் அன்று, சிக்கல்கள், பல்வேறு சிகிச்சைகள் இருப்பதுபோல முறைகளும் பல. முறை எடுத்துக்காட்டுகளின் வழியே காட்டப்படுகிறது, அந்த எடுத்துக்காட்டு வரிசையை எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றும் அங்கேயே சொல்கிறார். கோட்பாட்டை இப்படி நடுவில் நிறுத்த முடியாது, அதற்கு முழுமை தேவை. நடுவில் நிறுத்தக்கூடியது ஒரு பழக்கமாகவோ திறமையாகவோதான் இருக்க முடியும்.

இந்தச் சிந்தனைக்கு ஊற்று எங்கே என்று தேடினால் ஒரு தத்துவவாதியிடம் அல்ல, ஓர் இயற்பியலாளரிடம் போய் நிற்போம். ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மறைந்த பிறகு 1894இல் வெளிவந்த இயந்திரவியல் நூலின் முன்னுரை விட்கன்ஸ்டைனை ஆழமாகப் பாதித்தது. பொன்னின் இயல்பு என்ன, வேகத்தின் இயல்பு என்ன என்று எவரும் தவிப்பதில்லை, விசையின் இயல்பு என்ன என்று மட்டும் ஏன் தவிக்கிறோம் என்று ஹெர்ட்ஸ் கேட்கிறார். பொன்னைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்பதால் அல்ல. விசை என்ற சொல்லின் மேல் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத உறவுகளை நாம் ஏற்றி வைத்திருக்கிறோம். அந்த முரண்பாடு உறுத்துகிறது. உறுத்தல் ‘இயல்பு என்ன’ என்ற கேள்வியாக உருமாறுகிறது. புதிய தகவல்களைச் சேர்ப்பதால் அது அடங்காது. முரண்பாடுகளை நீக்கினால் விசையின் இயல்பு பற்றிய கேள்விக்கு விடை கிடைத்திருக்காது, ஆனால் மனம் அந்தத் தகாத கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிடும் என்கிறார் ஹெர்ட்ஸ். இந்த வரியைத் ‘தத்துவ ஆய்வுக’ளுக்கு முகப்பு வாசகமாக வைக்கவும் விட்கன்ஸ்டைன் ஒரு கட்டத்தில் எண்ணியிருந்தார். ‘சிகிச்சை’ என்ற சொல் உங்களுக்கு உதவவில்லை என்றால் அதை விட்டுவிட்டு ஹெர்ட்ஸின் விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீள்வழி எழுதியது:

கல்தச்சன் வரலாற்றைச் சொல்லிவிட்டதால் நான் ஓர் எடுத்துக்காட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முறை எடுத்துக்காட்டில்தான் இருக்கிறது என்றால் அதைப் பார்க்காமல் இந்த விவாதம் நகராது.

புனித அகஸ்டின் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் 11ஆம் பகுதியில் காலத்தை எப்படி அளக்க முடியும் என்று கேட்டுத் திணறுகிறார். கடந்தது இப்போது இல்லை. வரப்போவது இன்னும் வரவில்லை. நிகழ்வதற்கோ நீளமே இல்லை. இல்லாததையும் நீளமற்றதையும் எப்படி அளப்பது? ஆனால் அளந்துகொண்டுதான் இருக்கிறோம். இதற்கு விடையாக ஒரு கோட்பாட்டைக் கட்டத் தொடங்கலாம். நினைவிலும் எதிர்பார்ப்பிலும் பதிந்திருப்பதைத்தான் மனம் அளக்கிறது என்று அகஸ்டினே அந்த வழியில் போகிறார்.

1933-34இல் மாணவர்களுக்குச் சொல்லி எழுதவைத்த ‘நீல நூ’லில் விட்கன்ஸ்டைன் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு வேறு திசையில் நடக்கிறார். அகஸ்டின் அளத்தல் என்று சொல்லும்போது அவர் மனத்தில் இருக்கும் படம் நீளத்தை அளப்பது. ஒரு நீண்ட நாடா நம் முன் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் ஒரு சிறு துண்டு மட்டுமே நம் கண்ணில் படுகிறது, அந்த நாடாவில் இரண்டு குறிகளுக்கு இடையே உள்ள தொலைவை அளக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் திணறல் இயல்பானதே. முதல் குறி ஏற்கெனவே போய்விட்டது, இரண்டாவது இன்னும் வரவில்லை. இப்போது காலத்தை நாம் உண்மையில் எப்படி அளக்கிறோம் என்று பாருங்கள். உலையில் அரிசி போட்டபோது மணி 12, சோறு வெந்தபோது 12.25. இரண்டு நிகழ்ச்சிகளையும் கடிகாரத்தின் இரண்டு நிலைகளோடு ஒப்பிட்டோம், வேலை முடிந்தது. கடந்துபோன 25 நிமிடத்தைக் கையில் பிடித்துவைத்துக்கொண்டு அதன் மேல் அளவுகோலை வைக்க வேண்டிய தேவை எங்கும் எழவில்லை. ‘அளத்தல்’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு செயல்களுக்கும் பயன்படுவதால், ஒன்றின் நிபந்தனைகளை மற்றொன்றின் மேல் சுமத்திவிட்டோம்.

இங்கே என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காலம் என்றால் என்ன என்று ஒரு வரையறை தரப்படவில்லை. இயற்பியலோடு போட்டி போடவில்லை. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுகிறோம் என்பது எவருக்கும் புதிய செய்தி அன்று, எவரும் மறுக்கவும் மாட்டார்கள். இளவேனில் கேட்ட 128ஆம் பத்தியின் பொருள் இதுதான் என்று நான் படிக்கிறேன். எல்லோரும் உடன்படுவார்கள் என்று அவர் சொல்வது தத்துவத்தைப் பற்றிய தம் கருத்துக்கு அல்ல, இதுபோல நினைவூட்டப்படும் சாதாரண உண்மைகளுக்கு. அதற்கு முந்தைய பத்தியில் தத்துவவாதியின் வேலை ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக நினைவூட்டல்களைத் திரட்டுவது என்கிறார் (127). அந்த ‘குறிப்பிட்ட நோக்கம்’ என்பதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். அகஸ்டினைப் போலத் திணறாதவருக்கு என் சோற்றுக் கணக்கு வெறும் உளறல்.

அகஸ்டினை மட்டம் தட்டுவதாகவும் இதைக் கொள்ளக் கூடாது. ‘தத்துவ ஆய்வுகள்’ அகஸ்டினின் மேற்கோளோடுதான் தொடங்குகிறது. அவ்வளவு பெரிய மனிதரே அப்படி நினைத்தார் என்றால் அந்த எண்ணம் முக்கியமானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்ததாக தம் மாணவரும் நண்பருமான நார்மன் மால்கமிடம் விட்கன்ஸ்டைன் சொல்லியிருக்கிறார்.

எதிர்க்கரை எழுதியது:

மேலே உள்ள இரண்டு பதிவுகளும் நன்றாக எழுதப்பட்டவை. ஆனால் இருவரும் விட்கன்ஸ்டைனுக்கு வசதியான களத்திலேயே ஆடுகிறார்கள். அகஸ்டினின் சிக்கல் சொல்மயக்கத்தால் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். எல்லாச் சிக்கல்களும் அப்படித்தான் என்பதற்கு என்ன சான்று? அதை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் இன்னும் காட்டப்படாத சிக்கல்களைப் பற்றி முன்கூட்டியே தீர்ப்பு எழுத அவருக்கு உரிமை இல்லை. ‘நாம் எந்தக் கோட்பாட்டையும் முன்வைக்கக் கூடாது’ என்ற வாக்கியத்தின் தொனி விவரிப்பு அன்று, தடையுத்தரவு.

1946 அக்டோபர் 25ஆம் நாள் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பர் கேட்டதும் இதையேதான். தத்துவச் சிக்கல்கள் என்று உண்மையில் உண்டா என்பது அவருடைய உரையின் தலைப்பு. உண்டு என்பது அவர் நிலை. தொகுத்தறிமுறை (தனித்தனி நிகழ்வுகளிலிருந்து பொது விதிக்குப் போவது), முடிவிலி போன்றவற்றை எடுத்துக்காட்டாக வைத்தார். அவை கணிதத்தையோ தருக்கத்தையோ சேர்ந்தவை என்று விட்கன்ஸ்டைன் ஒதுக்கிவிட்டதாகப் பாப்பர் பிற்காலத்தில் எழுதினார். அன்று கணப்படுப்பைக் கிளறும் இரும்புக்கோல் விட்கன்ஸ்டைன் கையில் எப்படி ஆடியது என்பதைப் பற்றி அங்கிருந்தவர்களே ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். உலகம் கோலை நினைவில் வைத்துக்கொண்டு கேள்வியை மறந்துவிட்டது என்பதுதான் வருத்தம். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு சிக்கல் தீர்ந்தால் ‘அது அறிவியல்’ என்றும், தீராவிட்டால் ‘அது மயக்கம்’ என்றும் சொல்லிக்கொண்டே போனால் தத்துவத்துக்கு எதுவும் மிஞ்சாததில் வியப்பில்லை. வரையறையே அப்படி அமைந்திருக்கிறது.

ரஸ்ஸலின் தீர்ப்பும் நினைவுக்கு வருகிறது. தம் மாணவராக வந்து தம்மையே திருத்திய இளைய விட்கன்ஸ்டைன் மீது கடைசிவரை மதிப்பு வைத்திருந்த அவர், பிற்கால விட்கன்ஸ்டைன் தீவிரமாகச் சிந்திப்பதில் சலிப்படைந்து, அப்படிச் சிந்திக்கத் தேவையில்லை என்று ஆக்கும் ஒரு கொள்கையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று 1959இல் எழுதினார். இது கடுமையான வாக்கு, முழு நியாயமும் அன்று. ஆனால் இளவேனிலின் இரண்டாவது கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும் என்பது யாருக்கு வசதி? மார்க்சியத் தத்துவவாதி ஹெர்பர்ட் மார்க்யூஸ 1964இல் ‘ஒற்றைப் பரிமாண மனிதன்’ நூலில் இந்த வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டார். அன்றாடப் பேச்சு ஏற்கெனவே அதிகாரத்தால் வடிவமைக்கப்பட்டது. அதை அப்படியே விட்டுவிடும் தத்துவம் அந்த அதிகாரத்தையும் அப்படியே விட்டுவிடுகிறது என்பது அவருடைய வாதம்.

இளவேனில் எழுதியது:

மூவருக்கும் நன்றி. 121ஆம் பத்தியும் அகஸ்டின் எடுத்துக்காட்டும் என் முதல் கேள்வியைப் பெருமளவு தளர்த்திவிட்டன. 128ஐ நீள்வழி படிக்கும் விதம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது.

ஆனால் எதிர்க்கரை சொன்னதிலிருந்து இன்னொரு கேள்வி கிளம்புகிறது. மயக்கம் நீங்கிவிட்டது என்று தீர்மானிப்பவர் யார்? உலையில் அரிசி போட்ட கணக்கைக் கேட்டபிறகும் அகஸ்டின், ‘இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனாலும் கடந்த காலம் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி’ என்று சொன்னால் விட்கன்ஸ்டைன் என்ன செய்வார்? அவரை மயக்கத்தில் இருப்பவர் என்று அறிவிப்பாரா?

கல்தச்சன் எழுதியது:

அறிவிக்க முடியாது. இதில் விட்கன்ஸ்டைன் தமக்குத் தாமே கடுமையான நிபந்தனை ஒன்றை விதித்துக்கொண்டார். ‘பெரிய தட்டச்சுப் பிரதி’ என்று இன்று அழைக்கப்படும், 1933 அளவில் உருவான தொகுப்பில் ‘தத்துவம்’ என்றே தலைப்பிட்ட ஓர் இயல் இருக்கிறது. மற்றவரின் தவறு எங்கே தொடங்கியது என்பதை அவர் ‘ஆம், நான் நினைத்தது இதைத்தான்’ என்று தாமே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச்சொல்ல வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால்தான் அது சரியான எடுத்துரைப்பு என்கிறார். இதை உளப்பகுப்பாய்வோடு அவரே ஒப்பிடுகிறார். ஆகவே அகஸ்டின் உடன்படவில்லை என்றால் வேலை முடியவில்லை என்றுதான் பொருள். அவரைப் பிடித்துவைத்திருக்கும் படம் நாடா அன்று, வேறு ஏதோ ஒன்று. அதைத் தேடிப் போக வேண்டும். இதைத் தீர்ப்பு என்று எதிர்க்கரை சொல்வது இந்த இடத்தில் பொருந்தாது. நீதிபதிக்குக் குற்றவாளியின் சம்மதம் தேவையில்லை, இவருக்குத் தேவை.

அதே இயலின் தொடக்கத்தில் இன்னொன்றும் சொல்கிறார். தத்துவத்தின் கடினம் அறிவைச் சேர்ந்த கடினம் அன்று, விருப்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலான மனிதர்கள் எதைப் பார்க்க விரும்புகிறார்களோ அதுதான் இருப்பதைப் பார்க்கத் தடையாக நிற்கிறது. 1931இல் எழுதிய குறிப்பிலும் தத்துவ வேலை பெரும்பாலும் தன்மேல் தானே செய்துகொள்ளும் வேலை என்றிருக்கிறார். ‘எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுவிடுகிறது’ என்ற வாக்கியத்தில் விட்டுவிடப்படாத ஒன்று இருக்கிறது என்றால், அது அந்த வேலையைச் செய்பவர்தான்.

பாப்பரின் ஆட்சேபத்தில் பாதியை நான் ஏற்கிறேன். எந்தெந்தச் சிக்கல் எந்த வகை என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. விட்கன்ஸ்டைன் சில இடங்களில் சொல்லிவிடுவதுபோலத்தான் ஒலிக்கிறார். ஆனால் மார்க்யூஸ 124ஆம் பத்தியைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்பது என் எண்ணம். மொழிப் பயன்பாட்டில் தத்துவம் தலையிடக் கூடாது என்று சொன்ன கையோடு, அதற்கு அடித்தளம் கொடுக்கவும் தத்துவத்தால் முடியாது என்று அங்கே எழுதியிருக்கிறது. அதாவது, நடப்பில் உள்ளதைத் திருத்தும் அதிகாரம் தத்துவத்துக்கு இல்லாததுபோல அதை நியாயப்படுத்தும் அதிகாரமும் இல்லை. இருக்கும் ஒழுங்குக்கு முத்திரை குத்தித்தர இவரிடம் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். திருத்த விரும்புகிறவர்கள் திருத்தலாம். தத்துவத்தின் பெயரால் செய்யாமல் தங்கள் பெயரால் செய்ய வேண்டும், அவ்வளவே. ‘தத்துவ ஆய்வுக’ளின் முன்னுரையில், நூலின் மிகப் பயன்தரும் எண்ணங்களுக்காக அவர் கடன்பட்டதாகச் சொல்வது, மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியின் நண்பரான இத்தாலியப் பொருளியலாளர் பியரோ ஸ்ராஃபாவுக்கு என்பதையும் மார்க்யூஸவின் பக்கம் நிற்பவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கடைசியாக, இளவேனிலின் இரண்டாவது கேள்வி. 1939இல் மால்கமும் அவரும் ஆற்றங்கரையோரம் நடந்துகொண்டிருந்தபோது, ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சியைப் பிரிட்டன்தான் தூண்டியது என்று ஜெர்மனி குற்றஞ்சாட்டிய செய்தி கண்ணில் பட்டது. அப்படிச் செய்வது பிரிட்டிஷாரின் ‘தேசிய குண’த்துக்கு ஒவ்வாது என்றார் மால்கம். விட்கன்ஸ்டைனுக்குக் கடுங்கோபம், நட்பே சில காலம் குளிர்ந்துபோயிற்று. 1944இல் எழுதிய கடிதத்தில் அதை நினைவுபடுத்தி, தருக்கத்தின் சிக்கலான கேள்விகளைப் பற்றி ஓரளவு நம்பும்படி பேச மட்டும் தத்துவம் உதவி, அன்றாட வாழ்வின் முக்கியமான கேள்விகளைப் பற்றிய சிந்தனையை அது மேம்படுத்தாது என்றால், அதைப் படித்து என்ன பயன் என்று கேட்டார். ஆபத்தான சொற்களைச் சொந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தும் பத்திரிகையாளரைவிட ‘தேசிய குணம்’ என்ற சொல்லைக் கையாள்வதில் மால்கம் கூடுதல் கவனம் காட்டியிருக்க வேண்டும் என்பது அவருடைய குறை. மால்கம் 1958இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் அந்தக் கடிதம் இருக்கிறது. 124ஆம் பத்தியை அதோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். அகஸ்டினின் ‘அளத்தல்’ மீது செய்த வேலையையே மால்கமின் ‘தேசிய குணம்’ மீதும் செய்யச் சொல்கிறார் என்று எனக்குப் படுகிறது.